பத்தாம் பக்கத்தில் ஆத்தா

“அப்பிடி என்னத்தடி பண்ணிப்புட்ட, சரித்திரம் எழுதுறதுக்கு? பள்ளிக்கொடத்துக்குப் போன, வந்த. எங்க வீட்டு மாடுந்தான் தெனமும் மேய்ச்சலுக்குப் போகுது, வருது. அதுக்கும் ஒரு பொஸ்தகம் போடு!”

என் அத்தை, அப்பாவின் அக்காள், இப்படிக் கேட்டபோது நெற்களத்தில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். உலக யுத்தம் முடியப்போகிற சமயம் அது. கம்பத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியையாக இருந்தேன். பக்கத்தில் ஒரு கிராமம்தான் எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அந்த வயதில் சுயசரிதை எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் என் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் ஒரே கதை நடந்துகொண்டிருந்தது. நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை திடீரென்று வரமாட்டாள். விசாரித்தால், “பெரிய மனுசி ஆயிட்டா டீச்சர், இனி எங்கன அனுப்புறது?” என்பார்கள். எனக்கும் அந்த நாள் வந்தது. அதைத் தாண்டி மதுரைக்குப் போய் ஆசிரியப் பயிற்சியும் முடித்தேன். அது எப்படி நடந்தது என்பதை அந்தப் பிள்ளைகளின் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நடந்ததற்கு ஒரே காரணம் என்னைப் பெற்ற ஆத்தா. நான் வயதுக்கு வந்த மாதமே சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் அத்தையின் தலைமையில் வீட்டுக்கு வந்து, படிப்பை நிறுத்தச் சொன்னார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஆத்தா கருவாடு அரிந்துகொண்டிருந்தாள். அரிவாள்மனையை விட்டு எழுந்திருக்காமலே அவர்களுக்குப் பதில் சொன்னாள். அந்தப் பதில்தான் என் புத்தகத்தின் உயிர். அவள் சொன்னபடியே எழுதி, போடியில் ஒரு சிறிய அச்சுக்கூடத்தில் கொடுத்தேன்.

ஏலக்காய்க் கடைகளுக்கு ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கிற இடம் அது. காகிதத்துக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். என் புத்தகத்துக்கு வேண்டியதை ஆறு மாதம் தேடித்தான் சேர்த்தார் பிரஸ்காரர். அவரிடம் எழுத்துகளும் குறைவு. நாலு பக்கம் கோத்து, அச்சடித்து, அதைக் கலைத்துவிட்டுத்தான் அடுத்த நாலு பக்கம் கோக்க முடியும். திருத்திப் பார்ப்பதற்கான தாள்களை பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். நான் பார்த்துச் சம்மதம் எழுதித் திருப்பி அனுப்புவேன்.

பத்தாம் பக்கம் வந்தபோது, ஆத்தாளின் பேச்சை அவர் திருத்தியிருந்தார். ‘என் மகள் கல்வி பயில்வதால் தங்கள் இல்லத்திற்கு யாது குறை நேர்ந்தது? அருள்கூர்ந்து அவளைப் பயில விடுங்கள்.’

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அச்சில் ஆத்தா ஒரு ஜமீன் வீட்டு அம்மாள் மாதிரி பேசினாள். உடனே சம்மதம் எழுதி அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை அச்சேற்றுவதாகச் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆத்தா களையெடுத்துவிட்டு வந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் இருந்த பிரதியைப் பெருமையோடு வாசித்துக் காட்டினேன். அவள் கை நின்றது.

“யாருடி இவ?”

“நீதான் ஆத்தா.”

“நானா? அது என்ன, அருள்கூந்து?”

“தயவு பண்ணின்னு அர்த்தம்.”

“தயவா? நானா? அவுககிட்டயா?” மொச்சைத் தொலி என் மடியில் வந்து விழுந்தது. “தயவு கேட்டிருந்தா நீ இன்னைக்குச் சாணி தட்டிக்கிட்டு இருப்ப. நான் பேசாதத நான் பேசுனதாப் போட்டா அது பொய்ச் சாட்சி. என்னைய அந்தப் பொஸ்தகத்துல இருந்து எடுத்துரு.”

அவளை எடுத்துவிட்டால் என் கதையில் என்ன இருக்கிறது? அத்தை சொன்ன மாடு மட்டும்தான் மிஞ்சும்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ஆத்தாளும் கிளம்பிவிட்டாள். யுத்தத்துக்காகப் போடி ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பை மாட்டி, கரி போட்டு ஓட்டினார்கள். மேடு வந்தால் எல்லாரும் இறங்க வேண்டும். சின்னமனூரில் பஸ் மாறுவதற்குள் இரண்டு முறை அடுப்பு அணைந்தது. நான் வெயில் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை அச்சடித்துவிட்டால் மறுபடி அடிக்கக் காகிதம் கிடையாது. ஆத்தாளோ, “நம்ம வீட்டு அடுப்பே தேவலை” என்று கண்டக்டரைக் கேலி செய்துகொண்டு வந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பக்கம் மிஷினில் ஏறியிருந்தது. ஆனால் ஓட ஆரம்பிக்கவில்லை. ‘பழையபடியே போடுங்கள்’ என்று நான் கேட்டதும் பிரஸ்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

“டீச்சரம்மா, கல்யாணப் பத்திரிகையிலகூட ‘வந்துட்டுப் போங்க’ன்னு போட மாட்டேன். ‘வருகை தந்து’ன்னுதான் போடுவேன். அச்சுன்னா ஒரு மட்டு மரியாதை இருக்குல்ல? படிச்சவுக பாத்தா என்ன சொல்லுவாக? ஒங்க ஆத்தாளுக்கு மரியாதையா இருக்கட்டும்னுதான் செஞ்சேன்.”

அவர் சொன்னதைத்தானே நானும் நினைத்தேன்?

ஆத்தா முன்னால் வந்தாள். “அய்யா, எனக்கு மரியாதை பண்ணுறதா நெனச்சு, என்னைய அவுக கால்ல விழ வச்சிட்டீகளே.”

பிரஸ்காரர் அவளைப் பார்த்தார். பிறகு, “அப்ப அன்னைக்குச் சொன்னத ஒங்க வாயாலயே சொல்லுங்க ஆத்தா, கேப்போம்” என்றார்.

ஆத்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வயலில் அந்தக் கரையில் நிற்பவரைக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்: “எம் மக பள்ளிக்கொடத்துக்குப் போனா ஒங்க வீட்டு ஒலையில அரிசி கொறையுதா? வயசுக்கு வந்தவ கால முடக்கி வீட்டுல போடச் சொல்லுறீக. காலு அவளுது. அவ நடப்பா. நீங்க ஒங்க வீட்டுக்கு நடங்க!”

மிஷினில் இருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆத்தாளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அத்தையின் மருமகளைப் பற்றி ஒன்று, அன்று கூட வந்திருந்த பெரியப்பாவின் குடுமியைப் பற்றி ஒன்று என்று தொடர்ந்தாள்.

“ஆத்தா, இதெல்லாம் அன்னைக்கு நீ சொல்லவே இல்லையே!” என்றேன்.

“அன்னைக்குத் தோணல. இப்பத் தோணுது. எழுதச் சொல்லு.”

“பொய்ச் சாட்சி ஆகாதா?”

என்னை முறைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சரி, அத விட்டுரு. அன்னைக்குச் சொன்னது மட்டும் இருக்கட்டும்.”

பிரஸ்காரர் தாமே உட்கார்ந்து எழுத்துகளைப் பொறுக்கி அந்த வரிகளைக் கோத்தார். மை தடவி ஒரு தாளில் எடுத்துப் பார்த்தார். ‘காலு அவளுது’ எங்கே இருக்கிறது என்று ஆத்தா கேட்டாள். அவர் காட்டிய ஈய எழுத்துகளின் மேல் பெருவிரலை வைத்து அழுத்தினாள். விரலில் ஏறிய மையை ஊர் வந்து சேரும்வரை துடைக்கவில்லை.

அவர் இதேபோல் திருத்தி, நானும் சம்மதித்த முதல் எட்டுப் பக்கங்கள் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. அவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால் என் புத்தகத்தில் ஆறாம் பக்கத்தில் ஆத்தா, ‘மகளே, உணவருந்த வா’ என்பாள். பத்தாம் பக்கத்தில் கருவாட்டு அரிவாள்மனையோடு உட்கார்ந்திருப்பாள். “ஒங்களுக்கு ரெண்டு அம்மாவா டீச்சர்?” என்று கூட வேலை பார்த்தவர்கள் என்னைக் கேலி செய்யாத நாளில்லை.

ஆனால் பிள்ளைகளைக் கூப்பிட வருகிற தாய்மார்களுக்கு நான் வாசித்துக் காட்டும்போது, ஆறாம் பக்கத்தில் யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. பத்தாம் பக்கம் வந்ததும் இடுப்புப் பிள்ளையை இறக்கிவிட்டு உட்காருவார்கள். ‘காலு அவளுது’ என்ற இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்ன ஒருத்தி, நிறுத்திவிடுவதாக இருந்த மகளை அடுத்த திங்கட்கிழமை தானே கொண்டுவந்து விட்டுப்போனாள்.

இவையெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. நான் படித்தவள் என்ற கர்வம் எனக்கு இன்றும் உண்டு; அதை விடுவதாகவும் இல்லை. ஆனால் அடுத்த புத்தகம் என்னுடையது இல்லை. போன தை மாதத்திலிருந்து ஆத்தா சொல்லச் சொல்ல, அவள் கதையை அவள் பேச்சிலேயே எழுதி வருகிறேன். முதல் அத்தியாயம் போன வாரம் போடிக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடத்திலும் சர்க்காரிலும் இதுவரை எல்லாரும் என் தகப்பனார் பெயரை மட்டுமே கேட்டிருக்கிறார்கள். என் புத்தகத்திலும் நான் ‘என் தாயார்’ என்றுதான் எழுதியிருந்தேன். ஆகவே முகப்புத் தாளில் ஆசிரியர் பெயருக்கான இடத்தில் ஆத்தாளின் பெயரை எழுதியபோது, என் கை ஒரு நிமிஷம் நின்றது: இத்தனை வருஷம் எழுதப் படித்தும், அந்தப் பெயரை நான் எழுதியது அதுதான் முதல் தடவை.