கூடு அவித்த கூடம்

ஓஷ் நகரத்துப் பட்டாலையில் டுர்சுனாய் இருபத்தேழு வருடம் கூடு அவித்தாள். கொதிக்கும் தொட்டிக்குள் கைவிட்டு, பட்டுக்கூட்டின் இழை முனையைத் தேடி எடுக்கிற வேலை. வேகும் புழுவின் வாடை தலைமுடியில் ஏறிவிட்டால் எந்த சோப்புக்கும் போகாது. தறிக்காரிகள் அவளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

ஆலை மூடிப் பதினெட்டு வருடம் கழித்து அதை ஊருக்குப் பொது இடமாக மாற்ற அய்பெக் என்ற இளம் கட்டடக்கலைஞன் வந்தான். எதையும் இடிக்கவில்லை. ஒரு பகுதியைத் திறப்பான். ஊர் அதில் புழங்கிப் பழகிய பிறகுதான் அடுத்தது. முதலில் தறிக்கூடம் நூலகமானது. சுவரில் வெள்ளைக்கடியில் நீலம், நீலத்துக்கடியில் பச்சை என்று உரிந்து நின்ற வண்ண அடுக்குகளைக்கூட அப்படியே விட்டுவைத்தான். அடுத்தது, அதன் பின்பக்கத்தில் ஊருக்கு ஒரு பொதுச் சமையற்கூடம் வருவதாக இருந்தது. கூடு அவித்த கூடம் மூன்றாவது. வரைபடத்தில் அதன்மேல் ‘கார் நிறுத்துமிடம்’ என்று பென்சிலில் எழுதியிருந்தது.

டுர்சுனாய்க்கு நூலகத்தில் பெருக்குகிற வேலை. பழைய தறிக்காரி சனோபருக்கோ நூலக வாசலில் நாற்காலி. வருகிறவர்களுக்கு ஆலைக் கதை சொல்வது அவள் வேலை. அவளைச் சுற்றிக் கூட்டம் நிற்கும்போதெல்லாம் டுர்சுனாயின் துடைப்பம் அந்தப் பக்கமே போகும்.

“ஏண்டி, என் மேலதான் பெருக்கணுமா?”

“நீ சீமாட்டின்னு புழுதிக்குத் தெரியலயே.”

“வயித்தெரிச்சல்டி உனக்கு. உன் கூடத்துல கார் நிக்கப் போகுது. பாவம் காரு, அந்த வாடைய எப்படித் தாங்குமோ!”

டுர்சுனாய் அந்த நாற்காலியைச் சுற்றி இன்னொரு முறை புழுதி கிளப்பினாள்.

அந்த வாரமே அய்பெக் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். சமையற்கூடத்துக் கழிவுநீர் போக வழியில்லை. குழாய் பதிக்கத் தறிக்கூடத்துத் தரையை உடைத்தால் தூண்கள் நிற்காது. விஷயம் காதில் விழுந்ததும் டுர்சுனாய் ஒரு வாளித் தண்ணீரோடு அவனைத் தன் கூடத்துக்கு இழுத்துப்போனாள். நடுத்தரையில் கவிழ்த்தாள். தண்ணீர் கிழக்கு மூலைக்கு விறுவிறுவென்று ஓடி, ஒரு சிமெண்ட் பலகைக்கு அடியில் மறைந்தது.

“கீழ வாய்க்கா இருக்கு தம்பி. ஆத்து வரைக்கும் போகுது. நாப்பது தொட்டித் தண்ணிய குடிச்ச வாய்க்கா.”

“எந்தப் படத்துலயும் இல்லையே அக்கா!”

“படம் போட்டவன் உள்ள வந்திருந்தாத்தானே? வாசல்லயே மூக்கப் பிடிச்சிட்டுப் போயிருப்பான்.”

வரைபடத்தில் கார்கள் முற்றத்துக்குப் போயின. அவிப்புக்கூடம் சமையற்கூடமாகி, குளிர்காலத் தொடக்கத்தில் திறந்தது. நூலகத்தில் கூட்டம் குறைந்தது. எல்லோரும் அடுப்பின் கதகதப்பைத் தேடி இங்கே வந்தார்கள். சனோபரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“இங்கதான் நாங்க கூடு அவிப்போம்” என்று ஆரம்பித்தாள்.

கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த டுர்சுனாய் கத்தியை வைத்தாள். “நாங்களா? நீ என்னைக்குடி அவிச்ச?”

“சும்மா, கதைக்குத்தானே சொல்றேன்.”

“கதைக்குக்கூட என் தொட்டியத் தர மாட்டேன்.”

எல்லோரும் டுர்சுனாய் பக்கம் திரும்பினார்கள். இழை முனையை எப்படித் தேடுவது என்று அவள் வெறுங்காற்றில் விரல்களால் காட்டத் தொடங்கினாள். சனோபர் ஏதோ சொல்ல முன்னால் வந்தாள். டுர்சுனாய் முழங்கையை இன்னும் கொஞ்சம் அகட்டிக்கொண்டாள்.