ஒன்பதாம் பக்கத்தின் தேதி

"உங்கப்பாவுக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்துகூடத் தெரியாது. அவரை வெச்சு இங்கிலீஷ் பேப்பரோட சரித்திரம் எழுதப் போறியா நீ?"

அப்பாவின் இந்த நினைவு மலருக்காக அவருடைய பெட்டியைத் திறந்தபோது சித்தப்பா இப்படிக் கேட்டுச் சிரித்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எழுதிவிடுவேன் என்றேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அப்பா பாலக்கோட்டுக்கு அருகே பிறந்தார். திருமணமானதும் பெங்களூரு வந்து, ஈஜிபுராவில் குடியேறி, ஓர் ஆங்கில நாளிதழின் அச்சகத்தில் சேர்ந்தார். பக்கம் பதிந்த பிளேட்டுகளை மெஷினில் மாட்டுவது அவர் வேலை.

நாளிதழ் முதன்முதலாக வண்ணத்தில் வந்த நாள், முகப்பு எழுத்து மாறிய நாள், அச்சகம் ஆனேக்கல் பக்கம் போன நாள் என்று இதழ்களை அப்பா சேர்த்து வைத்திருந்தார். நடுவே ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை இதழ். ஏன் என்று புரியாமல் புரட்டினேன். ஒன்பதாம் பக்கத்தில் மட்டும் திங்கட்கிழமைத் தேதி இருந்தது.

"படத்தப் பாத்துத்தான் பிளேட்டு மாட்டுவாரு. அந்தப் பக்கத்துல படமே இல்ல, எல்லாம் ஷேர் வெல. முந்தின நாள் பிளேட்டையே மாட்டிட்டாரு. பாதிக் கட்டு வெளிய போனப்புறம்தான் கண்டுபுடிச்சாங்க. அவரக் கட்டு கட்டற எடத்துக்கு மாத்திட்டாங்க" என்றார் அம்மா.

மெஷின் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்றல்லவா அப்பா என்னிடம் சொன்னார்?

அப்போது நான் நான்காம் வகுப்பு. தினமும் மாலையில் நாளிதழை விரித்து, "மேல என்ன தேதி, என்ன கெழம? படிம்மா" என்று பக்கம் பக்கமாகக் கேட்பார்.

"எல்லாத்துலயும் ஒண்ணுதாம்பா!"

"இருக்கட்டும், இன்னொரு தடவ."

என் ஆங்கிலத்தைக் கேட்டு மகிழ்கிறார் என்று பெருமைப்பட்டேன். ஒரு வருடம் கழித்து மறுபடி மெஷினுக்கே போனார். மகிழ்ந்தாரா, என்னிடம் கற்றுக்கொண்டாரா? தெரியவில்லை. என்னிடம் மறைத்தவர் அந்த இதழை ஏன் பத்திரப்படுத்தினார்? அதுவும் விளங்கவில்லை.

நாளிதழின் வரலாற்றைத் தொகுக்க அதன் நூலகம் பழைய இதழ்களைக் கேட்டிருந்தது. "மத்ததக் குடு. அது மட்டும் வேணாண்டி, போனவரு மானம்" என்றார் அம்மா. ஒரு வாரம் குழம்பினேன்.

கடைசி மாதங்களில் அப்பாவை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்ற அச்சக நண்பர்களுக்கும், அடுகோடியிலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்த அத்தைக்கும், கேலி செய்தாலும் அப்பாவின் கட்டிலருகே படுத்துக் கிடந்த சித்தப்பாவுக்கும் எங்கள் நன்றி. அம்மாவுக்கு இதை நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அவர் கோபிக்கட்டும்.

போன வாரம் எல்லா இதழ்களையும் எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். நூலகர் அந்தச் செவ்வாய்க்கிழமை இதழைப் புரட்டிப் பார்த்து, "இது தப்பு காப்பியாச்சே மேடம். எங்க ஃபைல்ல திருத்தினதுதான் இருக்கு" என்றார்.

"தெரியும் சார். அது எங்கப்பா மாட்டின பக்கம்."

ரசீதில் அந்தச் செவ்வாய்க்கிழமையையும் எழுதச் சொல்லி வாங்கிவந்தேன்.