குந்தாரப்பள்ளிப் புழுதியைத் தாண்டி ஒரு மூச்சுப் பயிற்சி வகுப்பு

ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பாகங்களைச் சோதிக்கும் வேலை எனக்கு. ஆஸ்துமா பள்ளி நாளிலிருந்தே உண்டு. கிருஷ்ணகிரியில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டு, சென்ற மாதம் வார விடுப்பில் கிளம்பினேன். கணவர் சேகரும் வந்தார். வகுப்பு முடிந்து பாரூர் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம்.

அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. தினமும் இழுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரை நான் நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. கைப்பேசியில் வீடியோ பார்த்து மூச்சுப் பயிற்சி செய்கிறோமே, அது போதும் என்று நினைப்பு.

காலை 7.10க்கு ஓசூர் பேருந்து நிலையத்தில் ஏறினோம். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் ஆளுக்கு 50 ரூபாய். சூளகிரி தாண்டும்வரை சுகமான பயணம். குந்தாரப்பள்ளியில் அன்று சந்தை. மாடு ஏற்றிய வண்டிகள் அடைத்து நிற்க, பேருந்து நகரவில்லை. புழுதி உள்ளே வந்தது. "ஜன்னலைச் சாத்துங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். "ஜன்னல்" வரைதான் வந்தது.

மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல விட்டேன். எண்ணினேன். நெஞ்சு இறுகியதே தவிர இளகவில்லை. சேகர் என் பையைத் துழாவி, அவசரத்துக்கு வைத்திருக்கும் நீல இன்ஹேலரை எடுத்தார். "மொதல்ல இதை இழு. அப்பறம் எண்ணலாம்." வாங்கி இழுத்தேன்.

முன்சீட்டுக்காரரிடம் கன்னடமும் பின்சீட்டுக்காரரிடம் தெலுங்குமாகப் பேசிக்கொண்டிருந்த கண்டக்டர் ஓடி வந்தார். "முன்னாடி வந்து ஒக்காருங்கம்மா, காத்து வரும். ஆம்புலன்ஸுக்குப் போன் போடட்டுங்களா?"

பத்து நிமிடத்தில் முழு வாக்கியம் பேச முடிந்தது. அதனால் ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றேன்.

ஒன்பதரைக்கு வகுப்பு, கட்டணம் 200 ரூபாய். சொல்லித் தந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். பயிற்சிக்கு முன்னால், எல்லோரையும் மருந்துகளை மேசையில் வைக்கச் சொன்னார். நான் நீலத்தை மட்டும் வைத்தேன்.

"தினமும் இழுக்கறது எங்கங்க?"

"நிறுத்திட்டேன். மூணு வாரமாச்சு."

சேகர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"நானும் ஒருதரம் நிறுத்திப் பாத்தவதாங்க" என்றார் பயிற்சியாளர். "மூச்சுக்குழாய் வீக்கத்தைப் பயிற்சி எறக்காது, அதுக்கு மருந்துதான். பயந்துபோய் வேகவேகமா மூச்சு வாங்கறோம் பாருங்க, அதை இது அடக்கும். மருந்தோட சேத்துச் செய்ங்க."

அங்கிருந்தே என் டாக்டருக்குப் போன் செய்ய வைத்தார். தடுப்பு இன்ஹேலரை இன்றே மறுபடி தொடங்கிவிட்டு நாளை நேரில் வரச் சொன்னார் டாக்டர். எதிரிலிருந்த மருந்துக்கடைக்குச் சேகர் போய்வந்தார். பிறகு ஒரு மணி நேரம், வயிற்றில் கை வைத்து, தோளைத் தளர்த்தி, விடும் மூச்சை இழுப்பதைவிட நீளமாக விடப் பழகினோம். வீடியோவைப் பார்த்து நான் தோளைத் தூக்கித் தூக்கிச் செய்திருக்கிறேன்.

பாரூருக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். ஏரிக்கரையில் காற்று சுத்தமாக இருந்தது. கால்வாய் ஓரம் நெல்லும் கரும்பும் நின்றன. மெதுவாக நடந்தோம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் சேகர்.

"கொழந்தை வேணும்னு பேசிட்டிருக்கோம்ல. இத்தன வருசமா மருந்து ஒடம்புல ஏறியிருக்கு, கொழந்தைக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு..."

"நாளைக்கு டாக்டர்கிட்ட ரெண்டு பேருமாப் போய்க் கேப்போம்" என்றார்.

இதே வழியில் வருபவர்கள் சந்தை நாளைத் தவிர்க்கவும். முடியாவிட்டால் முகக்கவசம் போடவும். நீல இன்ஹேலர் சட்டைப்பையிலோ கைப்பையின் மேல் அறையிலோ இருக்கட்டும். அதை இழுத்தும் பேச்சு வரவில்லையென்றால் பயிற்சி செய்துகொண்டு காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். யாரிடமும் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.

மறுநாள் டாக்டரிடம் சேகர்தான் கேட்டார். குழந்தை வயிற்றில் இருக்கும்போதும் இந்த மருந்தைத் தொடரலாம், அம்மாவுக்கு மூச்சு முட்டுவதுதான் குழந்தைக்கு ஆபத்து என்றார் டாக்டர். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடியும்வரை சேகர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.