கேமராவுக்குள் படுத்த டாக்டர்

போன செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரர் என்னைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார். ஷாப்பிங்கா? சினிமாவா? ம்ஹூம்... கேமரா வாங்க!

கல்யாணத்தில் எடுக்கிற கேமரா இல்லீங்க. காமா கேமரா. ஊசி வழியாகத் துளி கதிர்வீச்சு மருந்தைச் செலுத்தினால், அது இதயத்தில் எங்கே சேர்கிறது, எங்கே சேரவில்லை என்று படம் பிடித்துக் காட்டும். கொல்லங்கோட்டில் இதய கிளினிக் வைத்திருக்கும் இவருக்கு, எந்த மாடல் வாங்குவது என்று மூன்று மாதமாகக் குழப்பம். என்னைப் பெண் பார்க்க வந்து பத்தே நிமிஷத்தில் 'சரி' சொன்ன மனுஷன்!

காலையில் ஓர் ஆஸ்பத்திரியில் டெமோ. அறையையே அடைத்துக்கொண்டு நின்றது மெஷின்.

"இதுக்குப் படம் பிடிக்க ரெட்டைத் தலை சார். இதயம், எலும்பு, தைராய்டு... எல்லாம் பார்க்கலாம்" என்றார் கம்பெனிக்காரர்.

எங்கள் வீட்டில் ஒற்றைத் தலையையே என்னால் சமாளிக்க முடியவில்லை. ஆனால் இவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

"நீ ஏறிப் படு. பேஷண்டுக்கு எப்படி இருக்குன்னு பார்க்கணும்."

ஊசி கிடையாது, வெறும் ஒத்திகைதான். படுத்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வைக்க வேண்டும். இருபது நிமிஷம். அசையக்கூடாது.

மூன்றாவது நிமிஷம் மூக்கு அரித்தது. எட்டாவது நிமிஷம் தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது.

"ஏனுங்க, கை வலிக்குதுங்க."

"ஆடாதே! படம் கலங்கிடும்."

"எந்தப் படமுங்க? மெஷினே ஓடலையே!"

இறங்கிவிட்டேன். "இப்ப நீங்க படுங்க. நான் பார்க்கறேன்."

கம்பெனிக்காரர் முன்னால் மறுக்க முடியுமா? படுத்தார். ஏழாவது நிமிஷம் உள்ளேயிருந்து கீச்சுக்குரல் ஒன்று கேட்டது... "இறக்கி விடுங்கப்பா!"

மத்தியானம் வேறொரு சென்டர். அங்கே நாற்காலி மாடல். உட்கார்ந்து, கையை முன்னால் இருக்கும் பட்டைமேல் வைத்துக்கொண்டால் போதும். இவரே முந்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆனா இதுல இதயம் மட்டும்தான் சார்..." என்று தயங்கினார் அங்கிருந்தவர். இவரை எட்டிப் பார்த்தால் — குறட்டை!

திரும்பும் வழியில் கோவிந்தாபுரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் வாயைத் திறந்தார்.

"முதலமடையில மாந்தோப்பு வச்சிருக்காரே வேலுச்சாமியண்ணன், நெஞ்சுவலின்னு வந்தாரு. போன மாசம் இதே மாதிரி படுத்து எடுக்கற ஸ்கேனுக்கு அனுப்பினேன். கையைத் தூக்க முடியலைன்னு பாதியில எந்திரிச்சு வந்துட்டாரு. 'உசுரு பெருசா, கை பெருசா'ன்னு எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டுட்டேன். அதுக்கப்புறம் கிளினிக் பக்கமே வரலை."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருஷம் படித்த படிப்பு சொல்லித்தராததை, ஏழு நிமிஷம் படுத்த படுப்பு சொல்லித்தந்துவிட்டது!

"இப்பவே போன் பண்ணுங்க" என்றேன். ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, உட்கார்ந்தே எடுக்கற மெஷின் வாங்கறேனுங்க. கையைத் தூக்க வேண்டாம். நீங்க அவசியம் வரணும். அன்னைக்குச் சத்தம் போட்டது என் தப்புங்க... மன்னிச்சுக்குங்க."

அந்தப் பக்கமிருந்து வேலுச்சாமியண்ணன், பதறிய குரலில் —

"டாக்டருங்களா மன்னிப்புக் கேக்கறது? ஏனுங்க... உங்களுக்கு உடம்புக்கு ஏதாச்சும் முடியலீங்களா?"