சொல்லாமல் போன சம்பந்தியம்மா

சென்னையில் இருந்து ஒரு பத்திரிகைக்காரத் தம்பி போனில் கேட்டார்: "உங்கள் வாழ்க்கை அனுபவம் உங்கள் துப்பறியும் நாவல்களை எப்படி உருவாக்குகிறது சார்?"

ஐந்தருவிக்குப் போகும் வழியில் துண்டும் எண்ணெய்ப் பாக்கெட்டும் விற்கிறவன் நான். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கொலையைப் பேப்பரில்தான் பார்த்திருக்கிறேன். குற்றம் என்று நேரில் கண்டதெல்லாம், அருவிக்கரையில் புதுச்செருப்பை விட்டுவிட்டுக் குளிக்கப் போகிறவர் திரும்பி வரும்போது பழைய செருப்பு கிடைப்பதுதான். இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு நாவல் எழுதுகிறேன் என்றால் அது முருகன் எனக்குப் போட்ட பிச்சை, வாசகர்களுக்குக் கொடுத்த சோதனை.

ஆனாலும் தம்பியின் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. அது கொஞ்சம் வீட்டு விஷயம்.

சாவு விழுந்த வீட்டை எங்கள் பக்கம் துஷ்டி வீடு என்போம். அங்கே போனால், கிளம்பும்போது "வாரேன்" என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். மற்ற வீடுகளில் சொல்லாமல் வந்தால்தான் குற்றம். இதை வைத்து ஒரு நாவல் எழுதினேன். பெரியவர் ஒருவர் அறைக்குள் இறந்துகிடக்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது. வந்த விருந்தாளிகள் எல்லோரும் "வாரேன்" சொல்லிக் கிளம்புகிறார்கள். ஒருத்தன் மட்டும் சொல்லாமல் போகிறான். ஏனென்றால் அது துஷ்டி வீடு என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். கொலை செய்கிற அளவுக்குக் கெட்டவன்தான், ஆனால் வளர்ப்பு நல்ல வளர்ப்பு.

நாவல் ஊருக்குள் ஓடியது. பக்கத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவர் அச்சன்புதூர்க்காரர். அவர்தான் சொன்னார்.

"அண்ணாச்சி, உங்க கதையப் படிச்சதுல இருந்து எங்கூர்ல ஒருத்தனும் சும்மா எந்திரிக்க மாட்டேங்கான். டீக்கடையில இருந்து போறதுக்கே, வாரேன் வாரேன்னு மூணு பேருகிட்டச் சொல்லுதான். சொல்லலைன்னா கொலைகாரன்னுருவாங்களாம்."

இலக்கியத்தால் சமுதாயம் திருந்தும் என்று படித்தவர்கள் சொல்வது இதைத்தான் போலிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் அதே அச்சன்புதூரில் இருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். வயலும் தோப்புமாக நல்ல குடும்பம். மகள் தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். இதற்கு முன்னால் வந்த இரண்டு இடங்களை வேண்டாம் என்றவள், இந்தப் போட்டோவைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே எங்களுக்குப் பெரிய சம்மதம்.

வந்தவர்கள் கேசரி சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி, "மதினி, இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினார். அது வேண்டும் என்றா வேண்டாம் என்றா என்று தெரியாமல் அவள் கரண்டியோடு நின்றாள். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா "வாரோம்" என்றார். மாப்பிள்ளை "வாரேன் மாமா" என்றார். அந்த அம்மா பூஜை மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டார், படியிறங்கினார், காரில் ஏறிவிட்டார்.

கார் தெருமுனை திரும்பியதும் என் மனைவி ஆரம்பித்தாள்.

"துஷ்டி வீட்டுல இருந்து போற மாதிரில்லா போறாவ! நல்லாயிருந்த ஒரு வார்த்தையக் கொண்டுபோய்க் கொலையில மாட்டுனிய. இப்போ நம்ம வீட்டுக்கே வந்துட்டு."

நான் பதறவில்லை. நாட்டில் எத்தனையோ மர்மங்களைத் தீர்த்தவன் அல்லவா, காகிதத்தில்? துப்பு துலக்க உட்கார்ந்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த என் தகப்பனார் படத்தைப் பார்த்தாரா? பல்லி சொன்னதா? யாராவது தும்மினோமா? கடைசியில் கேசரியில்தான் குற்றம் என்று முடிவு கட்டினேன். கேசரி செய்தவள் அன்று எனக்குச் சோறு போட்ட விதத்தை இங்கே எழுத விரும்பவில்லை.

மறுநாள் பண்பொழிக்குப் போய், திருமலை ஏறி, குமரன் சந்நிதியில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகப் போட்டு, பூக்கட்டிக் கேட்டேன். வெள்ளை வந்தால் சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளைதான் வந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மலையிறங்குவதற்குள் துப்பறிகிறவன் விழித்துக்கொண்டான். தெய்வமே சொன்னாலும் சாட்சி வேண்டாமா? சிப்ஸ் கடைக்காரரை ஊரில் விசாரித்து வரச் சொன்னேன். அவர் வந்து, "வெள்ளிக்கிழமை வேற பொண்ணு பாக்கப் போறாவளாம் அண்ணாச்சி" என்றார்.

அன்று சாயந்தரம் மகள் வேலையில் இருந்து வந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். தோசை ஒரு பக்கம் வேகும் நேரம்தான், இறங்கி வந்துவிட்டாள்.

"அப்பா, அவங்க அம்மா உங்க கதைய எல்லாம் படிச்சிருக்காங்களாம். இந்த மனுசன் முன்னால எதைப் பேசினாலும் புஸ்தகத்துல போட்டுருவாருன்னு பயந்து, வாயே திறக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணி வந்திருக்காங்க. அந்தப் பயத்துல வாரேன்னு சொல்லவும் மறந்துட்டாங்க. பாதி வழியில ஞாபகம் வந்து ஒரே அழுகையாம். நல்ல காரியத்துக்குப் போன வீட்டுல இப்படிப் பண்ணிட்டேனே, இனி எந்த முகத்தோட பேசுறதுன்னு வேற இடம் பாக்கச் சொல்லிட்டாங்களாம்."

"ஏட்டி, இதையெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

"அவருதான்."

"அவரு நம்பர் எப்படி வந்துச்சு?"

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே வாங்கிட்டேன்."

நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா கரண்டியைப் பார்த்தாரா, பல்லியைப் பார்த்தாரா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். இவர்கள் நம்பர் மாற்றிக்கொண்டது என் கண்ணில் படவில்லை. தம்பி, என் கூர்மையான வாழ்க்கை அனுபவம் இவ்வளவுதான்.

மாப்பிள்ளை வீட்டார் தகவல் சொல்லும் முன்னே பெண் வீட்டார் போவது வழக்கமில்லை. "வழக்கம் கெடக்கு. வெள்ளிக்கிழமைக்கு முன்னால போங்கப்பா" என்றாள் மகள். அவள் எங்களிடம் இப்படி ஒன்றைக் கேட்டது சின்ன வயசுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. வியாழக்கிழமை காலையில் நானும் மனைவியும் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு அச்சன்புதூர் பஸ் ஏறினோம்.

அந்த அம்மா வாசலிலேயே நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணாச்சி, ஒரு வார்த்தை பேசணும். கதையில போட மாட்டேன்னு சொல்லுங்க."

"திருமலைக் குமரன் சத்தியமா போட மாட்டேன்மா."

அவ்வளவுதான், ஐந்தருவியில் சீசன் தொடங்கியது மாதிரி ஆகிவிட்டது. மன்னிப்பில் ஆரம்பித்தவர், மாமியார், கிணற்றுத் தகராறு, கேரளாவுக்கு ஓடிப்போய் வேறு பெயரோடு திரும்பி வந்த கொழுந்தன் என்று ஒன்று விடாமல் சொன்னார். கொழுந்தன் கதையில் என் கை தானாகச் சட்டைப்பைப் பேனாவைத் தொட்டது. என் ஆயுசுக்கும் கிடைக்காத நாவல், சத்தியம் பண்ணிய அரைமணியில் கிடைத்தது. முருகனுக்கும் கிண்டல் உண்டு. நடுவில் வெற்றிலைத் தட்டு வந்தது. தை மாதத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம்.

இந்தக் கட்டுரையைக்கூடச் சம்பந்தியம்மாவிடம் படித்துக்காட்டி, அவர் சரி என்றதை மட்டும்தான் வைத்திருக்கிறேன். கொழுந்தனைப் பற்றி யாரும் போன் போட்டுக் கேட்க வேண்டாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி டிக்கெட்டை மடித்துப் பர்ஸில் வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, அந்தக் கொழுந்தன் கதைய ஊரை மாத்தி, பேரை மாத்தி..."

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நீங்கதான பண்ணுனிய. நான் பண்ணலையே."

மகள் கல்யாணம் முடிகிற வரைக்கும் வீட்டில் இருக்கிற பேனாவை எல்லாம் நான் கடையில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.