வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டைம்டேபிள் டீச்சர் என்று பெயர். அவள் நடத்துவது கணக்குப் பாடம் என்பது பலருக்கு மறந்தே போயிருந்தது. நாற்பத்திரண்டு ஆசிரியர்களையும் இருபத்தாறு வகுப்புகளையும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் ஒரே தாளில் உட்காரவைப்பது அவள் பொறுப்பு. யாராவது லீவு போட்டுவிட்டால் மற்றவர்கள் முறைப்பது தலைமை ஆசிரியரை அல்ல, அவளைத்தான்.

வீட்டிலும் ஒரு டைம்டேபிள் இருந்தது. திங்கள், புதன், வெள்ளி. கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த மூன்று நாளும் மதியத்துக்கு மேல் அவரை டயாலிசிஸ் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்காகத் தன் வகுப்புகளைக் காலையிலேயே முடியும்படி போட்டுக்கொண்டாள். டைம்டேபிள் போட்ட பதினாறு வருஷத்தில் அவள் தனக்கென்று எடுத்துக்கொண்ட ஒரே சலுகை அது. நாலு மணி நேரம் இயந்திரம் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருக்க, அவள் பக்கத்து நாற்காலியில் பரீட்சைத் தாள் திருத்துவாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். முப்பது வருஷம் கட்டடங்களுக்கு நடுவில் இருட்டுக் குழியில் நின்று வேலை பார்த்தார். ஒரு புதன்கிழமை, டயாலிசிஸ் பிரிவின் சுவரில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த டிவியில் ஏதோ ஒரு தூர தேசத்தைக் காட்டினார்கள். டிராம் ஓடும் நகரங்கள், காடு, ஏரி, மலையிலிருந்து இறங்கும் அருவி.

"இந்த நாட்டுக்குப் போலாமா?" என்றார்.

"போலாம், போலாம். ஊசியைப் பிடுங்கினதும் கிளம்பிடலாம்," என்று தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். ஐந்து நகரங்கள், ஓர் ஏரி, ஓர் அருவி, ஒரு காடு. கையெழுத்து நடுங்கியிருந்தாலும் வரிசை எண் போட்டிருந்தார்.

"விளையாடுறீங்களா?"

"இல்லம்மா. சிஸ்டரைக் கேட்டுட்டேன். போற ஊர்லயே டயாலிசிஸ் பண்ணிக்கலாமாம். முன்கூட்டியே எழுதிக் கேக்கணுமாம், அவ்வளவுதான்."

எழுதிக் கேட்கப்போவது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அன்றிலிருந்து அவள் பையில் இன்னொரு கட்டம் போட்ட தாள் சேர்ந்தது. கோடை விடுமுறையில் பதினைந்து நாள். அதில் திங்கள், புதன், வெள்ளிகளைக் கறுப்பாக்கிவிட்டால் மிச்சம் இருக்கும் வெள்ளைக் கட்டங்களில்தான் நகரமும் காடும் நுழைய வேண்டும். ஐந்து நகரத்து மருத்துவமனைகளுக்கும் எழுதினாள். ஒன்று வெளியூர் நோயாளிகளை எடுப்பதில்லை என்றது. ஒன்று காலை ஐந்தரை மணிக்குத்தான் இடம் என்றது. ஒன்று பதினேழு ஆவணம் கேட்டது. அதில் ரத்தப் பரிசோதனைகள் ஒரு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டுமாம். அப்படியானால் இப்போது எடுத்தது செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும். ஆசிரியர் அறையில் மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகும் அவள் யாரோ ஒரு தூரத்து அதிகாரிக்கு "மதிப்பிற்குரிய ஐயா" என்று தட்டிக்கொண்டிருப்பாள். கழுத்து கல்லாகிவிடும்.

மகள் போனில் குதித்தாள். "அப்பாவுக்குத்தான் ஆசை கண்ணை மறைக்குது. உனக்கு என்னம்மா ஆச்சு? வழியில ஏதாவது ஆனா யாரு பாக்குறது?"

"இங்க ஆனா யாரு பாக்குறா? நான்தானே. அங்கயும் நான்தான் பாப்பேன்," என்றாள். சொன்ன பிறகு அந்தப் பதிலில் இருந்த அலுப்பு அவளையே தூக்கிவாரிப்போட்டது.

நாலாவது மாதம் ஒரு வழியாக எல்லாம் ஒரு தாளில் உட்கார்ந்தது. அன்று சாயங்காலம் அவர் உற்சாகமாக வந்து, "ஆறாவதா ஒரு ஊர் சேத்துக்கலாமா? அங்க மலை மேல போற ரயில் இருக்காம்," என்றார்.

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"எனக்கு முடியலங்க. நீங்க ஒரு வரி எழுதுறீங்க. எனக்கு அது எட்டுக் கடிதம், மூணு ஃபாரம், திரும்ப ஒரு ரத்தப் பரிசோதனை. ஸ்கூல்லயும் கட்டம், வீட்லயும் கட்டம். கண்ணை மூடினா கட்டம் கட்டமா தெரியுது."

அவர் அந்தக் கட்டம் போட்ட தாளை எடுத்துப் பார்த்தார். "இவ்வளவு நாளா நான் கேக்கவே இல்ல பாரு. உனக்கு எது பாக்கணும்?" என்றார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். ஐந்து நகரத்தின் ரயில் நேரமும் மனப்பாடம். ஒன்றையாவது பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கவில்லை.

"எதுவும் பாக்க வேணாம். ரெண்டு நாள் யாரும் என்னைக் கூப்பிடாத இடத்துல சும்மா இருக்கணும்."

மறுநாள் அவரே உட்கார்ந்து நகரங்களை அடித்தார். முதலில் மலை ரயில் ஊர், பிறகு துறைமுக நகரம், பிறகு அருங்காட்சியகங்கள் இருந்த இரண்டு நகரங்கள். அடிக்கும்போது முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது. அவள் தடுக்கவில்லை, தடுக்கத் தெம்பில்லை. கடைசியில் இரண்டு நகரமும் அவற்றுக்கு நடுவில் ஏரியும் அருவியும் இருந்த காடும் மிஞ்சின. பதினைந்து நாள் எட்டு நாளாகிவிட்டது.

காட்டுப் பக்கம் ஆஸ்பத்திரியே கிடையாது என்று அவள் பயந்தபோது சிஸ்டர்தான் வழி சொன்னார். "வெள்ளிக்கிழமை முதல் ஊர்ல பண்ணிடுங்க, திங்கள் அடுத்த ஊர்ல. சனி ஞாயிறு இங்கயும் மெஷின் இல்லாமதானே இருக்கார்? தண்ணி அளவை மட்டும் விட்டுடாதீங்க." டாக்டரும் தலையாட்டினார்.

போனார்கள். முதல் நகரத்தில் வெள்ளிக்கிழமை விடியற்காலை மொழி தெரியாத ஒரு நர்ஸ் அவர் கையை இரண்டு தடவை தடவிப் பார்த்து, ஒரே குத்தில் ஊசியை ஏற்றினார். "நம்ம சிஸ்டரை விட கெட்டிக்காரி. ஊர்ல போய்ச் சொல்லிடாதே," என்றார் அவர். மதியம் பேருந்து பிடித்துப் பொழுது சாயும்போது காட்டு ஓரத்தில் மரத்தால் கட்டிய விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஏரியில் படகு. மூன்று மாதத்துக்கு முன்பே அவள் பதிவு செய்திருந்தாள். அலாரம் வைத்துவிட்டுப் படுத்தாள்.

கண் விழித்தபோது மணி பதினொன்றரை. அவர் ஜன்னலோரம் நாற்காலியில், கையில் அளந்து ஊற்றிய அரை டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார்.

"ஐயோ, படகு! ஏங்க எழுப்பல? அலாரம் அடிக்கலையா?"

"அடிச்சுது. நான்தான் அமத்தினேன்."

"அதுக்கு எத்தனை கடிதம் எழுதினேன் தெரியுமா?" அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "ஆசைப்பட்டது நீங்கதானே? தனியாவாவது போயிருக்கலாம்ல?"

"நீ இல்லாம எனக்கு யாரு அங்க? கோவம்னா தூங்கி எழுந்து பட்டுக்கோ. இன்னும் அசதி போகல உனக்கு. முகத்தைப் பாரு."

அவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டிக்கொண்டே மறுபடி சாய்ந்தாள். சாயங்காலம்தான் எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை. ஒரு மணி நேரம் விட்டிருந்த இடைவெளியில் குடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து அருவியைப் போய்ப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாத மனிதர், கொட்டிக்கொண்டிருந்த அவ்வளவு தண்ணீரின் முன்னால் வறண்ட உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு நின்றார். தலையை மேலே தூக்கி, அருவி தொடங்கும் இடத்தைத் தேடினார். அது மேகத்துக்குள் இருந்தது.

"இருபத்தஞ்சு மாடி இருக்கும்," என்றார். அப்புறம், "கால் கடுக்குது, போலாம்," என்றார். இருபது நிமிஷம்கூட நிற்கவில்லை.

திங்கட்கிழமை இரண்டாவது நகரத்தில் அவர் இயந்திரத்தோடு இருந்த நாலு மணி நேரமும் அவள் வெளியே போகவில்லை. நர்ஸ் சைகையால் போய்ச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். அவள் சிரித்து, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அவர் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திருத்த ஒரு தாளும் இல்லை. கால்மாட்டில் போர்வை விலகியிருந்தது, இழுத்துவிட்டாள். அவர் கண்ணைத் திறக்காமல், "தூக்கம் வருதா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றாள். உண்மையிலேயே வரவில்லை.