யோகராணியின் இரண்டு கடிதங்கள்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை முற்பகல், பாரிஸின் ரூ லூயி-பிளாங் தெருவில் நான் வேலை பார்க்கும் பயண அலுவலகத்துக்கு எதிர்ப்பக்க உணவகத்தின் முதலாளி வந்தார். "அக்கா, யோகம் போட்டா. காலமை ஆசுப்பத்திரியிலை" என்றார். சற்று நின்று, "ஆருக்குச் சொல்லுறது எண்டுதான் தெரியேல்லை" என்றார். பதினெட்டு ஆண்டுகள் அவருடைய சமையற்கட்டில் நின்றவளின் சாவைச் சொல்லி அனுப்ப ஓர் ஆள் இல்லை.

யோகராணியை உங்களில் பலருக்குத் தெரியும். அவள் கையால் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டிருப்பீர்கள். தம்பியைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சு பிறந்த அறையில் நானும் இருந்தேன். "நான் செத்தாப் பிறகு சொல்லுங்கோ, இப்ப வேண்டாம்" என்று அவள் கேட்டுக்கொண்டதால் இதுவரை வாய் திறக்கவில்லை.

அவளுடைய தம்பி ஒரு சிறுமிக்கு இழைத்த குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவன். அதற்குமேல் நான் விவரிக்க மாட்டேன். வெளியே வந்த பிறகும் சில ஆண்டுகளுக்கு நீதிமன்றம் அவனைக் கண்காணிப்பில் வைத்திருந்தது. தவறாமல் மருத்துவரிடம் போக வேண்டும், சிறுவர்கள் வந்துபோகும் வீட்டில் தங்கக் கூடாது, பாரிஸின் புறநகரான பொபினிக்குள் கால் வைக்கக் கூடாது. அந்தச் சிறுமியின் குடும்பம் அப்போது பொபினியில் இருந்தது. பிறகு அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். ஆனால் தடை அப்படியே இருந்தது. பொபினியில்தான் யோகம் பக்கவாதம் வந்த தாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், மதிய வேலை முடிந்து அவள் என் மேசைக்கு முன் வந்து உட்கார்ந்தாள். நான் புதுச்சேரிக்காரி. பிரெஞ்சில் கடிதம் எழுதித் தருவேன் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். நிபந்தனைகளை மாற்றி, தாயோடு தங்க அனுமதிக்கும்படி தம்பி நீதிபதியிடம் மனுக் கொடுக்கிறான். வீட்டில் இடம் தருவதாக அவள் ஒரு கடிதம் இணைக்க வேண்டும். "அம்மா அவன்ரை பேரைத்தான் சொல்லிக்கொண்டு கிடக்கிறா, அக்கா" என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில், "இந்த வீட்டுக்குப் பிள்ளையள் ஒருத்தரும் வாறேல்லை எண்டும் போடுங்கோ" என்றாள். போட்டேன். தமிழில் கையெழுத்து வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து, மனுவைப் பற்றி விசாரிக்க ஒரு கண்காணிப்பு அதிகாரி வீட்டுக்கு வருவதாகத் தகவல் வந்தது. பேச்சை மொழிபெயர்க்க யோகம் என்னை அழைத்துப் போனாள். அதிகாரி ஓர் இளம்பெண். அறைகளைப் பார்த்தாள், தாயின் கட்டிலருகே நின்றாள். அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே குடியிருந்த யோகத்தின் தங்கையும் வந்திருந்தாள். "சிறுவர்கள் யாராவது இங்கே வருவதுண்டா?" என்று அதிகாரி கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். தங்கை உடனே, "இல்லை" என்றாள். நான் மொழிபெயர்க்க, அதிகாரி குறித்துக்கொண்டாள்.

"வாறவள்" என்றாள் யோகம்.

நான் திரும்பிப் பார்த்தேன். "யோகம், கடிதத்துல வேற மாதிரி எழுதியிருக்கோம்."

"தெரியும், அக்கா. இவளின்ரை மகள். ஒன்பது வயசு. பள்ளிக்கூடம் விட்டால் ஒவ்வொரு நாளும் இஞ்சைதான். சொல்லுங்கோ."

தங்கை கத்தினாள். "உனக்கென்ன விசரே? அவர் என்ரை அண்ணை! என்ரை பிள்ளையைத் தொடுவாரே?"

"எனக்குத் தெரியாது. அதுதான் சொல்லுறன்."

கட்டிலில் கிடந்த தாய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை. யோகம் எனக்காகக் காத்திருக்காமல், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அதிகாரியிடம் சொன்னாள்: "வி, மதாம். தூ லே ழூர்." ஆம், ஒவ்வொரு நாளும்.

டிராம் நிறுத்தம் வரை கூட வந்தாள். முதலில் ஏன் அப்படி எழுதச் சொன்னாய் என்று கேட்டேன். "அம்மாவுக்காக. எழுதேக்கை அது ஒரு வசனந்தானே. இண்டைக்கு அந்த ஒப்பீசர் பெட்டை கேக்கேக்கை மற்றப் பிள்ளையின்ரை ஞாபகம் வந்திட்டுது. கோர்ட்டிலை அது அழேல்லை, அக்கா. மேசையைப் பாத்துக்கொண்டே நிண்டது."

மறுநாள் இரண்டாவது கடிதம் எழுதினோம். முன்பு எழுதியதில் தவறுதலாக ஒரு செய்தி இடம்பெற்றுவிட்டது என்று தொடங்கினேன். நிறுத்தச் சொன்னாள். "தவறுதலா இல்லை. பொய் சொன்னனான் எண்டே போடுங்கோ."

அங்கே தங்க நீதிபதி அனுமதிக்கவில்லை. ஆனால் தடையைக் கொஞ்சம் தளர்த்தினார். செவ்வாய்க்கிழமைகளில், பள்ளி நேரத்தில், காலை ஒன்பது முதல் பதினொன்று வரை தம்பி தாயைப் பார்க்கலாம். யோகம் கூட இருக்க வேண்டும். அவள் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள். தாய் இறக்கும்வரை, இரண்டரை ஆண்டுகள், செவ்வாய்தோறும் அவன் வந்தான். "அம்மாவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருப்பான். தேத்தண்ணி வைப்பன், தொடான். பிறகு போயிடுவான்" என்றாள். அவன் மீது வெறுப்பா என்று ஒருமுறை கேட்டேன். "அவன் என்ரை தம்பி. அது மாறாது. செய்ததும் மாறாது" என்றாள்.

தங்கை அவளோடு பேச்சை நிறுத்தினாள், மகளையும் அனுப்பவில்லை. தாயின் இறுதிச் சடங்கில் யோகத்தைக் கடைசியாகத்தான் வாய்க்கரிசி போட விட்டார்கள். அத்தனை ஆண்டுகள் சோறூட்டியது அவள் கை. ரூ பெர்தொனேயில் ஒரு நகைக்கடையில் இரண்டு பெண்கள், "தம்பியை வித்தவள்" என்று பேசுவதைக் கேட்டேன். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவளுக்குக் கொடுத்த வாக்கு அன்று எனக்கு வசதியாகவும் இருந்தது.

யோகத்தின் எரியூட்டலுக்குப் பதினோரு பேர் வந்திருந்தோம். தம்பியும் தங்கையும் வரவில்லை. தங்கையின் மகள் தனியாக வந்திருந்தாள். இப்போது இருபத்தொரு வயது. பெரியம்மாவோடு பேசக் கூடாது என்று வீட்டில் ஏன் சொன்னார்கள் என்று பிரெஞ்சில் கேட்டாள். அடுத்த ஞாயிறு அவளை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், அந்த இரண்டாவது கடிதத்தின் நகல் தனக்கு வேண்டும் என்றாள். நான் இதை எழுதவும் சம்மதித்தாள்.

நகலைக் கொடுத்துவிட்டேன். என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த அறையில் நான் பேசாமல் நின்ற சில நொடிகள். அவள் சொன்னதை விழுங்கிவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அது அவளுக்குப் புரிந்திருந்தது. ஒரு நாளும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.